ஒரே பாஸ்வேர்டை எட்டு பேர் போட்டா? குற்றாலம் லாட்ஜ் ஒண்ணும் ஒரு அக்செஸ் ஃபைலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில்தான். நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

குற்றாலத்துல ஐந்தருவி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன் பாக்கிற அக்கா அனுப்பினது. அவங்க பேரும் லாட்ஜ் பேரும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால ரெண்டையும் விட்டுடுறேன். நாப்பது ரூம் இருக்கிற லாட்ஜ். ரிசப்ஷன்ல ஒண்ணு, மேனேஜர் ரூம்ல ஒண்ணு, கீழ சாப்பாட்டுக் கடையில பில் போடுறதுக்கு ஒண்ணு, ஆக மூணு கம்ப்யூட்டர். ஓனர் அண்ணாச்சிக்குச் சொந்தக்காரப் பையன் யாரோ காலேஜ் படிக்கும்போது மைக்ரோசாஃப்ட் அக்செஸ்ல ஒரு ப்ரோக்ராம் எழுதிக் குடுத்திருக்காரு. வர்றவங்க பேரு, ஊரு, போன் நம்பர், அடையாள அட்டை, ரூம் நம்பர், வாடகை, அட்வான்ஸ் எல்லாம் அதுலதான். பத்து வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கு. நல்லாவே ஓடுது, அதை முதல்ல சொல்லிடணும். நம்ம ஆளுங்க அக்செஸ்னு கேட்டதும் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஒரு லாட்ஜை பத்து சீசன் ஓட்டிக் காட்டின மென்பொருளை நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

பிரச்சனை போன சீசன்ல வந்திருக்கு. குடும்பத்தோட வந்து தங்கிட்டுப் போன ஒரு பொண்ணுக்கு, ஊருக்குப் போன ரெண்டாம் நாள்ல இருந்து தெரியாத நம்பர்ல இருந்து மெசேஜ். பொண்ணோட அப்பா லாட்ஜுக்கு போன் போட்டு, "இந்த நம்பரை உங்க ரிசப்ஷன்ல மட்டும்தான் குடுத்தோம்"னு சத்தம் போட்டிருக்காரு. அண்ணாச்சி போய் கம்ப்யூட்டரைப் பாத்தா, ஒண்ணும் தெரியல. எட்டு பேர் ஷிஃப்ட்ல வேலை பாக்காங்க, எட்டு பேருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட். யார் எந்தப் பேரைத் தேடினாங்க, எப்ப பாத்தாங்கன்னு எந்தப் பதிவும் இல்ல. கடைசியில நைட் ஷிஃப்ட் பாத்த ஒரு தம்பி மேல சந்தேகம் விழுந்திருக்கு. அவன் "நான் இல்லண்ணாச்சி"ன்னு சொல்லியிருக்கான். அவன்தான்னு காட்டவும் வழி இல்ல, அவன் இல்லன்னு காட்டவும் வழி இல்ல. ஒரு வாரத்துல வேலையை விட்டுட்டுப் போயிட்டான்.

அக்கா வாய்ஸ் நோட்ல சொன்னது அப்படியே சொல்றேன்: "அவன் செஞ்சானா செய்யலையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது தம்பி. அடுத்த சீசன்ல இதே சந்தேகம் என் மேல விழாதுன்னு என்ன நிச்சயம்? ஃபைலுக்கு நல்ல பாஸ்வேர்டாப் போட்டாச்சு. அது போதும்லா?"

போதாதுக்கா. ஏன் போதாதுன்னு சொல்றதுக்கு, அந்த ஃபைலைப் 'பகிர்றது'ன்னா உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல பாக்கணும்.

தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்ட் ரூம் இருக்கும் இல்லையா? பழைய பட்டா, அடங்கல் எல்லாம் அடுக்கி வச்சிருப்பாங்க. நமக்கு ஒரு நகல் வேணும்னா கவுண்டர்ல மனு குடுப்போம். உள்ள இருக்கிற ஆள் போய் எடுத்துட்டு வருவாரு, நோட்டுல யாருக்குக் குடுத்தோம்னு எழுதிக்குவாரு. நம்மை ரூமுக்குள்ள விட மாட்டாங்க. எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் எல்லாம் இந்த மாதிரி. உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்காரு. நாம கேக்கணும், அவர் குடுக்கணும்.

அக்செஸ் அப்படி இல்ல. அங்க கவுண்டரே கிடையாது. ஷேர் பண்ணின ஃபோல்டர்ல ஒரு ஃபைல் கிடக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டர்ல இருக்கிற அக்செஸும் நேரா நெட்வொர்க் வழியாப் போய் அந்த ஃபைலைத் திறந்து, தனக்கு வேண்டிய பக்கங்களைத் தானே எடுத்து, தானே தேடி, தானே எழுதிட்டு வரும். ஒரே வரியை ரெண்டு பேர் திருத்திடக் கூடாதேன்னு பக்கத்துலயே ஒரு குட்டி லாக் ஃபைல் உருவாகும். யார் யார் உள்ள இருக்காங்கன்னு அதுல குறிச்சுக்கும். எல்லாரும் வெளிய வந்ததும் அது அழிஞ்சிடும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் வருது. அந்த லாக் ஃபைலை உருவாக்கணும், அழிக்கணும்னா, ப்ரோக்ராமைப் பயன்படுத்துற ஒவ்வொருத்தருக்கும் அந்த ஃபோல்டர்ல படிக்க, எழுத, உருவாக்க, அழிக்க அனுமதி குடுத்தே ஆகணும். குடுக்கலன்னா ஒழுங்கா ஓடாது. அனுமதி குடுத்துட்டா? அந்த ஆள் முழு ஃபைலையும் பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டுப் போகலாம். பத்து சீசனுக்கு வந்து தங்கின அத்தனை பேரோட விவரமும் ஒரே காப்பி பேஸ்ட். ரெக்கார்ட் ரூம் சாவியை எட்டு பேர் கையிலயும் குடுத்த மாதிரி. உள்ள போய் எதை எடுத்தாங்கன்னு கேக்க அங்க ஆளே இல்ல.

இப்ப பாஸ்வேர்ட் விஷயத்துக்கு வர்றேன். அக்செஸ் ஃபைலுக்கு பாஸ்வேர்ட் போடலாம், உள்ள இருக்கிறதை என்கிரிப்ட் பண்ணவும் செய்யும். ஆனா அது ஃபைலுக்கான பாஸ்வேர்ட், ஆளுக்கான பாஸ்வேர்ட் இல்ல. எட்டு பேருக்கும் அதே ஒண்ணுதான். ரோட்டுல போற திருடன் கையில ஃபைல் கிடைச்சா அது உதவும். உள்ள வேலை பாக்கிறவங்க விஷயத்துல அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கும் மேல, ஃபைலை ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தா, டேட்டா ஃபைலோட பாஸ்வேர்ட் முன்னால இருக்கிற ஃபைலுக்குள்ளேயே இணைப்பு விவரமாப் போய் உக்காந்துக்கும். விஷயம் தெரிஞ்சவன் ரெண்டு நிமிஷத்துல படிச்சிடுவான். பழைய எம்டிபி ஃபைலா இருந்தா இன்னும் மோசம், அந்தப் பாஸ்வேர்டை எடுத்துக் காட்டுற இலவச டூல் நெட்ல நிறைய கிடக்கு.

ஒரு காலத்துல அக்செஸ்லயே ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு பாஸ்வேர்ட்னு ஒரு வசதி இருந்துச்சு. 2007 பதிப்புல புது ஃபைல் வடிவம் வந்தப்ப மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துட்டாங்க. புது வடிவத்துல அந்த வசதியே கிடையாது. எடுத்தது நல்லதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். கதவு மாதிரி வரைஞ்ச படத்தைச் சுவத்துல மாட்டி வச்சிருந்தாங்க, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க என்ன பண்ணினாங்கன்னா, தானே ஒரு லாகின் ஃபார்ம் செஞ்சுக்கிட்டாங்க. அக்கா லாட்ஜ்லயும் அதுதான் இருக்கு. பேரு, பாஸ்வேர்ட் ரெண்டு கட்டம், கீழ ஒரு பட்டன். அந்தப் பாஸ்வேர்ட் எல்லாம் ஒரு டேபிள்ல அப்படியே எழுதியிருக்கும். ஃபைலைத் திறக்கும்போது ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடிச்சா, அந்த லாகின் ஃபார்மே வராது, நேரா டேபிள்கிட்ட போயிடலாம். இதைத் தடுக்க ஒரு செட்டிங் இருக்கு, ஆனா அதைத் திரும்பத் திறக்கவும் வழி இருக்கு. இதைக் கேக்கிற அண்ணாச்சிமாரு யாராவது இருந்தா இன்னைக்கே உங்க கடையில ஷிஃப்டை அமுக்கிப் பாருங்க.

சரி, என்ன பண்ணலாம்? ரெண்டு படியா சொல்றேன். முதல் படி பாதுகாப்புக்கு இல்ல, ப்ரோக்ராம் உடையாம இருக்கிறதுக்கு. இதை இந்த வாரமே பண்ணலாம்.

ஃபைலை ரெண்டாப் பிரிங்க. ஃபார்ம், ரிப்போர்ட், கோட் எல்லாம் ஒரு ஃபைல், டேபிள்கள் மட்டும் இன்னொரு ஃபைல். அக்செஸ்லயே இதுக்கு ஒரு பட்டன் இருக்கு, 'டேட்டாபேஸ் டூல்ஸ்'ல. டேட்டா ஃபைல் ஷேர் ஃபோல்டர்ல ஒண்ணே ஒண்ணு இருக்கும். ஃபார்ம் இருக்கிற ஃபைல் ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் தனித்தனிக் காப்பி. இதை எத்தனை தடவை சொன்னாலும் மக்கள் அந்த முன்பக்க ஃபைலையும் ஷேர்ல போட்டு மூணு பேரா அதையே திறப்பாங்க. அப்படித் திறந்தா பிரிச்சதே வீண். அக்செஸ் லைசென்ஸ் மூணு வாங்கணுமேன்னு யோசிக்க வேண்டாம், ஓட்டுறதுக்கு மட்டும் 'அக்செஸ் ரன்டைம்' இலவசமாவே கிடைக்கும்.

டேட்டா ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டருக்கும் மத்த கம்ப்யூட்டருக்கும் நடுவுல வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்க. எழுதிக்கிட்டிருக்கும்போது பாதியில இணைப்பு போனா, ஃபைல்ல பாதி வரி புதுசு, பாதி வரி பழசுன்னு நிக்கும். கவுண்டர்ல ஆள் இருந்தா "முழுசா வரல, இதை எழுத வேண்டாம்"னு அவர் முடிவு பண்ணுவாரு. இங்க ஆள் இல்லையே. கரண்ட் போனாலும் இதே கதைதான். குற்றாலத்துல சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். சாரல், செங்கோட்டைக் கணவாய் வழியா வீசுற காத்து, மரக்கிளை ஒடிஞ்சு கம்பியில விழுறது எல்லாம் அதே மூணு மாசம்தான். லாட்ஜ் நிறையிறதும் அதே மூணு மாசம். மெயின் அருவியில தண்ணி ஆர்ச்சைத் தொட்டுக்கிட்டு விழும்போது, குளிக்கத் தடைன்னு போலீஸ் சொன்னதும் மொத்தக் கூட்டமும் ரூமுக்குத் திரும்பும். சில பேர் காலி பண்ணுவாங்க, சில பேர் இன்னொரு நாள் வேணும்பாங்க. மூணு கம்ப்யூட்டர்லயும் ஒரே நேரத்துல தட்டிக்கிட்டிருப்பாங்க. அந்த நேரம் பாத்து கரண்ட் போகும். யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் இருந்தா பத்தாது, நெட்வொர்க் சுவிட்சுக்கும் வேணும். நிறைய பேர் இதை மறந்துடுறாங்க.

இன்னொண்ணு, அந்த ஃபைலை ஒன்டிரைவ்லயோ கூகுள் டிரைவ்லயோ போட்டு ரெண்டு இடத்துல இருந்து திறக்காதீங்க. அதெல்லாம் முழு ஃபைலை முழு ஃபைலா மாத்துற ஏற்பாடு. நீங்க ஒரு வரி எழுதினீங்க, மேனேஜர் ஒரு வரி எழுதினாருன்னா, கடைசியில ரெண்டு ஃபைல் நிக்கும். எது உண்மைன்னு நீங்கதான் பஞ்சாயத்து பண்ணணும்.

அளவு பத்தியும் ஒரு வார்த்தை. அக்செஸ் ஃபைல் 2 ஜிபி தாண்டாது. பேரும் நம்பரும் மட்டும்னா நாப்பது ரூம் லாட்ஜுக்கு அது ஆயுசுக்கும் போதும். ஆனா ஆதார் ஸ்கேன் படத்தை உள்ளேயே ஒட்டி வச்சா சீக்கிரமே முட்டும். எல்லைன்னா என்ன ஆகும்னு இங்கிலாந்துக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. 2020 கொரோனா சமயத்துல, பழைய எக்ஸெல் வடிவத்துல 65,536 வரிக்கு மேல போகாதுங்கிறதை கவனிக்காம, 15,841 பேரோட பாசிட்டிவ் முடிவு கணக்குல வராம நின்னுடுச்சு. அந்த ஆட்களோட பழகினவங்களுக்கு உடனே தகவல் போகல. ஒரு நாட்டோட பொதுச் சுகாதாரத் துறைக்கே அந்தக் கதின்னா நாம ஜாக்கிரதையா இருக்கணும்ல.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் பண்ணினா ஃபைல் உடையாது. ஆனா அந்தத் தம்பி கேள்விக்கு இன்னும் பதில் வரல. யார் பாத்தாங்க? அதுக்கு கவுண்டர் வேணும். அதுதான் ரெண்டாவது படி.

நல்ல செய்தி என்னன்னா, அக்கா லாட்ஜ்ல பழகின அந்த ஃபார்ம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். முன்னாடி அக்செஸ் அப்படியே இருக்கட்டும். பின்னாடி டேபிளை மட்டும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாத்திடலாம். அது இலவசம். ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரைங்கிறது 2022 பதிப்பு வரைக்கும் இருந்த எல்லை, 2025 பதிப்புல 50 ஜிபி ஆக்கிட்டாங்க. எப்படிப் பாத்தாலும் லாட்ஜுக்குத் தாராளம். அக்செஸ் டேபிளை அங்க கொண்டு போக மைக்ரோசாஃப்ட்டே ஒரு இலவச மைக்ரேஷன் டூல் குடுக்கிறாங்க. போஸ்ட்கிரெஸ் பிடிச்சவங்க அதையும் வைக்கலாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். அக்செஸோட ஒட்டி ஓடணும்னா எஸ்க்யூஎல் சர்வர் கொஞ்சம் சுலபம், அதனால அதைச் சொல்றேன்.

சர்வர்னதும் பெரிய பெட்டி வாங்கணுமோன்னு அண்ணாச்சி பயப்பட வேண்டாம். ஒரு சாதாரண கம்ப்யூட்டர், எஸ்எஸ்டி, விண்டோஸ் ப்ரோ. ஆனா அது ரிசப்ஷன்ல இருக்கக் கூடாது. பூட்டுற ரூம்ல வைங்க. பிட்லாக்கர் போடுங்க, ஏன்னா ஹார்ட் டிஸ்க்கையே கழட்டிட்டுப் போனா உள்ள இருக்கிற கவுண்டர் ஆளால ஒண்ணும் பண்ண முடியாது. டேட்டா ஃபோல்டரை ஷேர் பண்ணவே வேண்டாம். இதைக் கொஞ்சம் நின்னு கேளுங்க. இப்ப யாருக்கும் அந்த ஃபோல்டர் தெரியவே தெரியாது. பென்டிரைவ் காப்பிக்கு இருந்த வழி அங்கேயே அடைஞ்சுடுச்சு.

அடுத்தது, ஆளுக்கொரு லாகின். எட்டு பேருன்னா எட்டு. 'ரிசப்ஷன்'னு ஒரு பொது லாகின் வைக்கவே கூடாது. "எல்லாரும் நம்ம பிள்ளைங்கதானே, எதுக்கு இதெல்லாம்"னு அண்ணாச்சி சொல்வாரு. அக்கா, அப்ப அந்தத் தம்பியை ஞாபகப்படுத்துங்க.

ப்ரோக்ராம் திறக்கும்போது பேரும் பாஸ்வேர்டும் கேட்டு, அதை வச்சே சர்வருக்கு இணைப்பு போகணும். பாஸ்வேர்டைச் சேமிச்சு வைக்கவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அக்செஸ் ஒரு தடவை இணைஞ்சா, முழுசா மூடுற வரைக்கும் அந்த இணைப்பை நினைவுல வச்சுக்கும். அதனால ஷிஃப்ட் மாறும்போது ஃபார்மை மூடினா போதாது, அக்செஸையே மூடிட்டுத் திறக்கணும். காலையில ஆறு மணிக்கு வர்றவங்க, நைட் பாத்தவங்க லாகின்லயே வேலையை ஆரம்பிச்சா மறுபடி பழைய கதைதான். அஞ்சு நிமிஷம் யாரும் தொடலன்னா தானா மூடிக்கிற மாதிரி ஒரு டைமர் வச்சிடுங்க. முணுமுணுப்பாங்க. பழகிடும்.

இப்ப யாருக்கு என்ன காட்டணும்? சாப்பாட்டுக் கடையில பில் போடுறவருக்கு ரூம் நம்பரும் பேரும் போதும். போன் நம்பர் எதுக்கு? ரிசப்ஷனுக்கே எப்பவும் போன் நம்பர் தேவையில்ல. புக்கிங் எழுதும்போது தேவை, ஏதாவது விட்டுட்டுப் போனா கூப்பிடத் தேவை, அவ்வளவுதான். அதனால விருந்தினர் டேபிளை நேராத் திறக்கிற அனுமதியை எல்லார்கிட்ட இருந்தும் எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா போன் நம்பர் இல்லாத ஒரு வியூ குடுங்க. ஃபார்ம் எல்லாம் அந்த வியூவைப் பாத்து ஓடும்.

போன் நம்பர் வேணும்னா? ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர். புக்கிங் நம்பர் குடுத்தா, முதல்ல இந்த லாகின், இந்தக் கம்ப்யூட்டர், இத்தனை மணிக்கு, இந்த புக்கிங்கைக் கேட்டாங்கன்னு ஒரு பதிவு டேபிள்ல வரி எழுதும். எழுதின பிறகுதான் நம்பரைக் குடுக்கும். அந்தப் பதிவு டேபிளைத் திருத்தவோ அழிக்கவோ எட்டு பேர்ல யாருக்கும் அனுமதி இல்ல. எஸ்க்யூஎல் சர்வர்ல, டேபிளும் ப்ரொசீஜரும் ஒரே உரிமையாளர்கிட்ட இருந்தா, ப்ரொசீஜரை ஓட்டுற அனுமதி மட்டும் இருந்தாப் போதும், டேபிள் அனுமதி தேவையில்ல. இந்த ஒரு குணத்துக்காகவே இதை நான் சிபாரிசு பண்றேன்.

நிறைய பேர் இந்த இடத்துல ட்ரிக்கர் போதும்னு நினைப்பாங்க. ட்ரிக்கர் யார் மாத்தினாங்க, யார் அழிச்சாங்கன்னு சொல்லும். யார் பாத்தாங்கன்னு சொல்லாது. அந்தப் பொண்ணு விஷயத்துல யாரும் எதையும் மாத்தலையே, சும்மா பாத்திருக்காங்க. பாக்கிறதையும் பதியணும்னா ஒண்ணு இந்த ப்ரொசீஜர் வழி, இல்லன்னா சர்வர்லயே இருக்கிற ஆடிட் வசதி. 2016 சர்வீஸ் பேக் 1ல இருந்து எக்ஸ்பிரஸ் உட்பட எல்லாப் பதிப்புலயும் அது உண்டு.

ஒரு உண்மையையும் சொல்லிடுறேன். ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிறவர் புக்கிங் எழுதும்போதே கண்ணால பாத்த நம்பரை மனப்பாடம் பண்ணினாலோ, செல்போன்ல படம் எடுத்தாலோ எந்த சர்வரும் தடுக்காது. ஆனா அப்பவும், அந்த புக்கிங்கை எழுதினது யாரு, அதுக்கப்புறம் கேட்டது யாருன்னு பட்டியல் இருக்கும். எட்டு பேர்ல ஆறு பேர் அந்தப் பட்டியல்லயே இருக்க மாட்டாங்க. அந்த ஆறு பேர் அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். நைட் ஷிஃப்ட் தம்பிக்கு அன்னைக்கு இது இருந்திருந்தா, ஒண்ணு அவன் பேரு பட்டியல்ல இருந்திருக்கும், இல்ல இல்லாம இருந்திருக்கும். எதுவா இருந்தாலும் பேச ஒரு காகிதம் இருந்திருக்கும்.

ஆதார் பத்தி அக்கா தனியா கேட்டிருந்தாங்க. 2022 மே மாசம் ஒரு கூத்து நடந்தது. ஆதார் ஆணையத்தோட பெங்களூர் மண்டல அலுவலகம், ஓட்டல்ல எல்லாம் ஆதார் நகலைக் குடுக்காதீங்கன்னு ஒரு அறிவிப்பு விட்டாங்க. ரெண்டே நாள்ல, தப்பாப் புரிஞ்சுக்க வாய்ப்பிருக்குன்னு மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிட்டாங்க. வாபஸ் வாங்கினாலும் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியிற மாஸ்க்டு ஆதார்னு ஒண்ணு இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சது. என் கருத்து, முழு நம்பரை டேட்டாபேஸ்ல எழுதவே எழுதாதீங்க. கடைசி நாலு இலக்கம் போதும். இல்லாததை யாரும் திருட முடியாது. போலீஸ் என்ன அடையாளம் வாங்கி வைக்கச் சொல்றாங்கன்னு உங்க ஸ்டேஷன்ல ஒரு தடவை கேட்டுட்டு அதுக்கு மட்டும் ஏற்பாடு பண்ணுங்க.

சட்டமும் நெருங்கிடுச்சு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லயே வந்தாச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்து, படிப்படியா அமலுக்கு வருது. பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லாம தகவல் கசிஞ்சா அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்னு அதுல இருக்கு. நாப்பது ரூம் லாட்ஜ்ல அவ்வளவு போடுவாங்கன்னு நான் சொல்லல. ஆனா "எங்ககிட்ட ஒரே பாஸ்வேர்ட்தான் சார்"ங்கிற பதில் எந்த விசாரணையிலயும் எடுபடாது.

இன்னொரு கேள்வி கண்டிப்பா வரும். "தம்பி, ஜோஹோ ஆபீஸ் பக்கத்துல மத்தளம்பாறையிலதானே இருக்கு, கிளவுடுக்கே போயிடலாமே?" போகலாம். 2011ல ஒரு சின்ன ஆபீஸா அங்க ஆரம்பிச்சவங்க, இன்னைக்கு உலகம் பூரா விக்கிற மென்பொருளை அங்க இருந்து எழுதுறாங்க. அவங்களோட கிரியேட்டர் மாதிரி ஒண்ணுல இதே லாட்ஜ் ப்ரோக்ராமைச் செய்யலாம், ஆளுக்கொரு லாகின் அதுல இயல்பாவே வந்துடும். ஆனா மாசாமாசம் ஆள் கணக்குக்குக் காசு. அதை மிச்சம் பிடிக்க எட்டு பேருக்கு ரெண்டு லாகின் வாங்கினா, கிளவுட்லயும் அதே ஒரே சாவிதான். அதோட சீசன் ஞாயித்துக்கிழமை ஐந்தருவிப் பக்கம் நெட் எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். ரெண்டு நெட் இணைப்பு வச்சிருக்கிற லாட்ஜா இருந்தா கிளவுட் நல்லது. ஒரே இணைப்புன்னா உள்ளூர் சர்வர்தான் என் ஓட்டு.

டேலி வச்சிருக்கிற கடைக்காரங்களும் இதைக் கேட்டுக்கிட்டிருப்பீங்க. உங்களுக்கும் இதே கணக்குதான். பல பேர் சேர்ந்து ஓட்டும்போது டேட்டா ஃபோல்டரை ஷேர் பண்ணி வச்சிருந்தா, அந்த ஃபோல்டரை யார் வேணா தூக்கலாம். டேலிக்காரங்க தனியா ஒரு சர்வர் தயாரிப்பு விக்கிறாங்களே, அது முக்கியமா இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

பேக்கப் பத்திச் சீக்கிரமா. எக்ஸ்பிரஸ்ல நேரம் வச்சு பேக்கப் எடுக்கிற ஏஜென்ட் கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு சின்ன கட்டளையை ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட விடுங்க. எக்ஸ்பிரஸ்ல எடுக்கிற பேக்கப்பை என்கிரிப்ட் பண்ணவும் வழி இல்ல, அதனால பிட்லாக்கர் போட்ட வெளி டிஸ்க்ல எடுத்துட்டு அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டு போகட்டும். மாசம் ஒரு தடவை அதை வேற கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுப் பாருங்க. திருப்பிப் போட்டுப் பாக்காத பேக்கப்பை நான் பேக்கப்னே சொல்ல மாட்டேன்.

அட்மின் பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கணும்? செஞ்சு குடுக்கிற பையன்கிட்ட மட்டும் இருக்கக் கூடாது. எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, அண்ணாச்சி வீட்டு பீரோல. அந்தப் பாஸ்வேர்ட் இருக்கிறவர் பதிவு டேபிளையும் அழிக்கலாங்கிறதால அது தினசரி வேலைக்கு வரவே கூடாது. இன்னொண்ணு, வீட்டுல இருந்து பாக்கணும்னு ஆசைப்பட்டு ரவுட்டர்ல அந்த சர்வர் போர்ட்டை வெளிய திறந்து விடாதீங்க. வேணும்னா விபிஎன்.

விண்டோஸ் 11ல 24எச்2 அப்டேட் வந்த பிறகு பழைய ஷேர் ஃபோல்டர் திறக்கலன்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. பாஸ்வேர்ட் இல்லாம கெஸ்ட்டா நுழையிறதை ப்ரோ பதிப்புலயும் இப்ப அடைச்சுட்டாங்க, காரணம் அதுதான். கெஸ்ட்டைத் திரும்பத் திறந்து விடுறது எப்படின்னு யூடியூப்ல வீடியோ நிறைய இருக்கு. அதைப் பாக்காதீங்க. ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு போட்டு ஷேரைத் திறங்க.

எப்ப பண்றதுன்னா, அக்கா, மே மாசத்துக்குள்ள. முன்னாடி சொன்ன பிரிக்கிற வேலை ஒரு மதியத்துல முடியும். சர்வருக்கு மாத்துறது, ஃபார்மை எல்லாம் சரி பண்ணுறது, எட்டு பேருக்கும் பழக்குறது எல்லாம் சேர்த்து மூணு நாலு வாரம் வைங்க. சாரல் விழ ஆரம்பிச்ச பிறகு தொடாதீங்க. அப்ப ரிசப்ஷன்ல மூச்சு விடவே நேரம் இருக்காது. சர்வர் மாத்தின முதல் பத்து நாள் பழைய ரெஜிஸ்டர் நோட்டுலயும் கையால எழுதுங்க. ரெண்டு தடவை எழுதுறது எரிச்சலா இருக்கும், ஆனா ஏதாவது தப்பாப் போனா அந்த நோட்டுதான் காப்பாத்தும்.

அந்த ப்ரொசீஜரும் பதிவு டேபிளும் எப்படி இருக்கணும்னு நான் ஒரு மாதிரி எழுதி வச்சிருக்கேன், எபிசோட் பக்கத்துல போட்டுடுறேன். உங்க ஊர் பையன் யாராவது எஸ்க்யூஎல் தெரிஞ்சவங்ககிட்ட காட்டினா ஒரு நாள்ல புரிஞ்சுக்குவாங்க. அந்த நைட் ஷிஃப்ட் தம்பி எங்க இருக்கான்னு அக்காவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். செங்கோட்டையில ஒரு மரக்கடையில இப்ப பில் போடுறானாம்.

அடுத்த வாரம் வேற கேள்வியோட பாக்கலாம். உங்க கடையிலயோ ஆபீஸ்லயோ இந்த மாதிரி ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேரு சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டேன். வணக்கம்.